வீட்டிலேயே முளைகட்டிய ராகி மால்ட்

பீருக்கு அடிப்படையே முளைகட்டிய பார்லிதான். அதைத்தான் மால்ட் என்கிறோம். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் அதே முளைகட்டும் முறையில் ராகி மால்ட் செய்யலாம். பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு நல்ல தெம்பு.

அரை கிலோ ராகியைக் கல், மண் போக அரித்து 10 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாயத் துணியும் மெஷின் ஆயில் பட்ட துணியும் வேண்டவே வேண்டாம். துவைத்த பழைய வெள்ளை வேட்டியே உத்தமம். துணி காயாமல் தண்ணீர் தெளித்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். நிழலில் உலர்த்தி, கையால் கசக்கி முளையை உதிர்த்து, இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து அரையுங்கள். கருகினால் கசக்கும்.

காய்ச்சுவதில்தான் சூட்சுமம். மாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் வையுங்கள். விரல் பொறுக்காத சூடு, ஏறக்குறைய 65 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, 15 நிமிடம் மூடி வையுங்கள். முளையில் உண்டான அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். கஞ்சி இளகி, தானே இனிக்கும். பிறகு நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். நாட்டுச்சர்க்கரை கொஞ்சம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு குடிக்க வேண்டும்.

சோளத்தை மட்டும் இப்படி முளைகட்டாதீர்கள்: அதன் இளமுளையில் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு.