கார் மேல் ஏறும் கயாக்

அன்புள்ள தம்பிக்கு,

ஜூலையில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவலுக்குப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். கோடஞ்சேரியில் 2013-இல் தொடங்கிய விழா அது. சாலிப்புழை ஆற்றின் வெள்ளத்தில் துடுப்புப் போடச் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருப்பார்கள். பெங்களூரிலிருந்து கயாக் படகைக் கார் மேல் கட்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பலம் கொண்ட மட்டும் இறுக்குவார்கள். இறுக்கம் மட்டும் போதாது. படகு எந்தப் பக்கமெல்லாம் நழுவப் பார்க்கும் என்று முதலில் யோசி. காற்றில் மேலே எழும்பும், பிரேக் போட்டால் முன்னே வழுக்கும், எதிரே லாரி கடந்தால் பக்கவாட்டில் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டு வேண்டும்.

கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகளையும் எவ்வளவு தள்ளிப் பொருத்த முடியுமோ அவ்வளவு தள்ளிப் பொருத்து. கம்பிக்கு ஒரு பெல்ட். கையால் இழுத்துப் பூட்டும் பக்கிள் போதும். ராட்செட் வேண்டாம், வெயிலில் இளகிய பிளாஸ்டிக்கை அது குழித்துவிடும். பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டு. தட்டையாக விட்டால் மைசூர் ரோட்டில் வேகமெடுத்ததும் காற்றில் அதிர்ந்து அலறும். மழைக்காலம் என்பதால் படகைக் கவிழ்த்து வை, இல்லையென்றால் உட்காரும் குழிக்கு மூடி போடு. தண்ணீர் நிரம்பினால் எந்தக் கேரியரும் தாங்காது.

முன்முனைக்கும் பின்முனைக்கும் கயிறு கட்டாயம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்காகும். 40 கி.மீ. வேகத்தில் அசையாமல் இருந்த படகு 80-இல் மூக்கைத் தூக்கும். முன்கயிறு அதை அடக்கும். கலாசிபாளையத்தில் தார்ப்பாய் கட்டும் லோடுமேன்களின் கையைக் கவனி. கயிற்றின் நடுவே ஒரு கண் போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் மாட்டி, திரும்ப அந்தக் கண்ணுக்குள் விட்டு இழுப்பார்கள். கயிறே கப்பியாகிவிடும். அந்த முடிச்சைப் பழகிக்கொள். நைலான் நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் கயிறு வாங்கு.

குண்டல்பேட்டை தாண்டியதும் பந்திப்பூர் காடு. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அதன் வழியே போகும் ரோடு மூடியிருக்கும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. ஆனால் விலங்குகளுக்காகப் போட்ட வேகத்தடைகள் வரிசையாக வரும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதனால் காலையில் கேட் திறக்கக் காத்திருக்கும் நேரத்திலேயே எல்லாக் கட்டுகளையும் இழுத்துப் பார்த்துவிடு.

சுரம் இறங்கும் முன் லக்கிடியில் இன்னொரு முறை பார். தாமரசேரிச் சுரத்தில் 9 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் படகின் பாரமெல்லாம் முன்னே சாயும். அதைப் பிடித்து நிறுத்துவது பின்கயிறுதான். அதையே பலரும் ஒப்புக்குக் கட்டுகிறார்கள்.

கட்டி முடித்ததும் படகைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டு. காரும் சேர்ந்து ஆடினால் கிளம்பு. படகு மட்டும் ஆடினால், நண்பர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. ஆற்றில் இறங்குவது நீயாக எடுக்கும் ரிஸ்க். உனக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர் அப்படி எதற்கும் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்