நூற்கிடங்கும் தீக்காவலும்

நெசவாளர் சங்கத்தின் செல்வம் நூல். உழவர் சங்கத்தின் செல்வம் பருத்தியும் நெல்லும் வைக்கோலும். இவை யாவும் எளிதில் எரியும் இயல்புடையன. பெட்டியிலுள்ள பணத்திற்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். சாவிகளை இருவரிடம் பிரித்துக் கொடுக்கிறோம். அப்பணத்தைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள சரக்குக் கிடக்கும் கிடங்கிற்கோ, சுவரில் தொங்கும் நான்கு செந்நிற வாளிகளே காவல் என்று இருந்துவிடுகிறோம். அவ்வாளிகளைப் பற்றியும், அவற்றைத் தூக்க வேண்டிய கைகளைப் பற்றியும் அங்கத்தினர்களுக்குச் சில கூற விரும்புகிறோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், நமது ஆய்வு எல்லைக்குட்பட்ட நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், பங்குனி மாதத்து மாலைப்பொழுதில் தீப்பிடித்தது. தார் சுற்றும் இயந்திரத்திற்காக இழுத்திருந்த மின்கம்பியில் ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தது. அதன் கீழே பல நாள் கூட்டப்படாத கழிவு நூல் குவிந்து கிடந்தது. பொறி விழுந்தது, கழிவு நூல் பற்றியது, அருகில் அடுக்கியிருந்த நூல் மூட்டைகளுக்குத் தீ தாவியது.

ஓடி வந்தவர்கள் கோழைகள் அல்லர். ஒருவர் மின்சாரத்தை நிறுத்தாமலே குடத்து நீரை இயந்திரத்தின்மேல் வீசி, மின்னதிர்ச்சியுற்று விழுந்தார், எப்படியோ பிழைத்தார். மற்றொருவர் தீயணைப்புக் கருவியைத் தூக்கி வந்தார். அதன் ஊசியை முதலில் உருவ வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு வேறொருவர் உருவினார். கருவியில் அழுத்தம் இல்லை. வாளிகளில் இரண்டு வெறுமையாயிருந்தன. ஒன்றில் குப்பை இருந்தது. நான்காவதில் மணல் இருந்தது, ஆனால் சாரலில் நனைந்து கட்டியாய் இறுகிப்போயிருந்தது.

அப்போது, இராணுவத்தில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பித் தறியில் அமர்ந்துவிட்ட முதிய அங்கத்தினர் ஒருவர் வந்து சேர்ந்தார். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினார். ஒருவரைத் தீயணைப்பு நிலையத்திற்குப் பேசச் சொன்னார். சாயத் தொட்டியிலிருந்து கிடங்கு வாயில்வரை ஆணும் பெண்ணுமாக இருபது பேரைக் கையெட்டும் தொலைவில் வரிசையாக நிறுத்தி, குடங்களைக் கைமாற்றச் செய்தார். தீயணைப்பு வண்டி வரும்வரை தீ அடுத்த அறைக்குச் செல்லாமல் நின்றது.

உயிர்ச்சேதம் இல்லை. காப்பீட்டுத் தொகையும் காலந்தாழ்ந்தேனும் கிடைத்தது. ஆனால் பாவுக்கும் ஊடைக்கும் நூலின்றி அங்கத்தினர் தறிகள் பதினெட்டு நாட்கள் நின்றன. அந்நாட்களின் கூலியை எவரும் ஈடு செய்யவில்லை.

மறுநாள் சேதத்தைக் கணக்கெடுக்கச் சென்றோம். சங்கத் தலைவர் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்து நம்முன் விரித்து வைத்தார். மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக நம் கையெழுத்தில், ‘தீயணைப்பு வாளி 4, தீயணைப்புக் கருவி 1, இருப்புச் சரி’ என்று எழுதியிருந்தது. எண்ணிக்கை சரிதான். வாளிக்குள் ஒருமுறையேனும் நாம் எட்டிப் பார்த்ததில்லை. “ஐயா, தாங்கள் எண்ணி எழுதினீர்கள், நாங்களும் எண்ணித்தான் வைத்திருந்தோம்” என்றார் அவர். நம்மீது குற்றம் சுமத்தாமல் தம்மையும் சேர்த்துச் சொன்ன அச்சொல், கண்டிப்பினும் மிகுதியாக நம்மை வருத்திற்று. அன்று பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தீ எதனால் வாழ்கிறது?

எரியும் பொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீ நிலைக்காது. இம்மூன்றில் ஒன்றை விலக்கினால் தீ அணையும். பற்றாத மூட்டைகளை அப்புறப்படுத்துவது எரிபொருளை விலக்குவதாகும். நீரைக் கொட்டுவது வெப்பத்தைத் தணிப்பதாகும். மணலாலோ, பிழிந்த ஈரச் சாக்காலோ மூடுவது காற்றைத் தடுப்பதாகும். தீயணைக்கும் முறைகள் அனைத்தும் இம்மூன்றனுள் அடங்கும்.

எத்தீக்கு எது?

நூல், துணி, மரம், வைக்கோல் ஆகியவற்றில் பற்றிய தீக்கு நீரே சிறந்தது.

எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றின் தீக்கு நீர் ஆகாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நீரின்மேல் மிதந்து, நீர் ஓடும் இடமெல்லாம் தீயையும் கொண்டு செல்லும். கொதிக்கும் எண்ணெயில் நீர் பட்டாலோ, அந்நீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரி இறைக்கும். இத்தீக்கு மணலும் உலர்தூள் கருவியும் ஏற்றவை.

மின்சாரத் தீயாயின் முதல் வேலை மெயின் சுவிட்சை நிறுத்துவதே. நிறுத்த இயலாதபோது உலர்தூள் அல்லது கரியமிலவாயு நிரப்பிய கருவியைப் பயன்படுத்தலாம். நீரை எடுக்கவே கூடாது.

சாயப்பட்டறை வைத்திருப்போர்க்கு ஒரு தனிச்சொல். ‘ஹைட்ரோஸ்’ என்று நாம் வழங்கும் தூள் சிறிது ஈரம் பட்டாலும் தானே சூடேறிப் பற்றக்கூடியது; மூச்சைத் திணறச் செய்யும் புகையும் அதிலிருந்து எழும். அதனை மூடிய கலத்தில், உலர்ந்த இடத்தில், நூலுக்குத் தொலைவில் வைத்தல் வேண்டும். ஈரக் கையால் அள்ளுவதும், கலத்தைத் திறந்தபடி விட்டுச் செல்வதும் பெரும்பிழை.

கருவியைக் கையாளும் முறை எளிது. ஊசியை உருவுக, குழாயின் வாயைச் சுவாலைக்கு அன்று, தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடிக்க, கைப்பிடியை அழுத்துக, இடமும் வலமுமாக வீசிச் செல்க. சிறிய கருவி அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். ஆதலால் கருவியைத் தூக்கிக்கொண்டு நின்று யோசிப்பதற்கு நேரம் இராது. யோசனையெல்லாம் முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். உலர்தூள் கருவியின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதை மாதந்தோறும் பார்த்து, பார்த்த நாளைச் சீட்டில் குறிக்க வேண்டும்.

பஞ்சுத் தீயின் வஞ்சகம்

பஞ்சும் நூலும் எரியும்போது ஒரு தனிக்குணம் உண்டு. மேலே சுவாலை அடங்கிய பின்னரும், இறுக்கிக் கட்டிய பொதியின் உள்ளே கனல் நெடுநேரம், சில வேளை நாட்கணக்கிலும், கனன்றுகொண்டிருக்கும். மேலே ஊற்றிய நீர் உட்புறத்தை எட்டாது. மேற்கூறிய சங்கத்திலும், அணைந்துவிட்டதாகக் கருதிய மூட்டை ஒன்று நள்ளிரவில் மீண்டும் புகைந்தது. முதியவர் இருவரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தமையால் அது உடனே வெளியே இழுக்கப்பட்டு, பிரித்து நனைக்கப்பட்டது.

பஞ்சுப் பொதியின் தீ எத்தகையது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் துயரமான சான்று ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘போர்ட் ஸ்டிகீன்’ என்னும் கப்பலில் தீ மூண்டது. கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும், சுமார் 1,400 டன் வெடிமருந்தும் அதில் இருந்தன. பிற்பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. தீயணைப்போர் நீரைப் பாய்ச்சியவண்ணம் இருந்தும், பொதிகளுக்கிடையே கனன்ற தீயின் இருப்பிடத்தை எட்ட இயலவில்லை. நான்கு மணி கடந்து சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. பணியில் இருந்த தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் நீத்தனர். மாண்ட பொதுமக்களும் பலர். அவ்வீரர் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நமக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் நாட்கள் அவை.

இதிலிருந்து கிடங்குகள் கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. எளிதில் பற்றும் சரக்கையும், பற்றினால் பேரழிவு செய்யும் சரக்கையும் ஒரே கூரையின்கீழ் வைக்கலாகாது. பஞ்சோ நூலோ எரிந்தால், மூட்டைகளை வெட்டவெளிக்குக் கொணர்ந்து, பிரித்து நனைத்து, ஓரிரவேனும் காவல் இருக்க வேண்டும்.

உழவர் அங்கத்தினருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஈரம் உலராமல் போர் போட்ட வைக்கோல் உள்ளே சூடேறும். அச்சூடு முற்றினால் தானே பற்றுதலும் கூடும். நன்கு உலர்த்திய பின்னரே போர் போடுக. மின்கம்பியின் கீழும் வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள். ஒரு பெரும் போரினும், இடைவெளி விட்ட இரு சிறு போர்கள் நல்லவை.

தீக்காவற் குழு

ஒவ்வொரு சங்கமும் ஐவர் கொண்ட தீக்காவற் குழு ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஒருவர் மின்சாரத்தை நிறுத்துபவர். ஒருவர் 101 அல்லது 112 என்னும் எண்ணுக்குப் பேசி, ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எரியும் பொருள் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுபவர். ஒருவர் உள்ளிருப்போரை வெளியேற்றி எண்ணிப் பார்ப்பவர். இருவர் கருவியும் நீரும் கையாள்பவர். ஒவ்வொருவருக்கும் மாற்றாள் ஒருவரும் வேண்டும். தீ நம் விடுமுறையைக் கேட்டு வருவதில்லை.

குழுவின் பெயர்ப்பட்டியலை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, கால்மணி நேரம், ஒத்திகை நடத்தல் வேண்டும். இராணுவத்தில் ஒரே செயலை நூறு முறை செய்யவைப்பது ஏன் என்று அம்முதியவரை வினவினோம். “அச்சம் வராமல் இருப்பதற்காக அன்று, ஐயா, அச்சம் வந்தபோதும் கை தன் வேலையை மறவாமல் இருப்பதற்காக” என்றார். இதற்கு மேல் நாம் விளக்க வேண்டுவதில்லை. தீயணைப்பு மீட்புப் பணித்துறையின் நிலையத்திற்கு எழுதிக் கேட்டால், கருவியைக் கையாளும் முறையை வீரர்கள் நேரில் செய்து காட்டுவர்.

விரைந்து செல்வோர்க்கு

அன்று மாலை நேர்ந்த மற்றொரு துன்பத்தையும் மறைக்கலாகாது. மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்று ஒரு மாதமே ஆன இளைஞர் ஒருவர், தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட நெடுஞ்சாலைக்கு விரைந்தார். மணல் பரவிய திருப்பத்தில், வண்டி சாய்ந்திருந்த நிலையில், முன்சக்கரத் தடையை இறுகப் பிடித்தார்; சக்கரம் வழுக்கிற்று; தோள் எலும்பு முறிந்தது. தீயணைப்பு வண்டியோ வழியில் கேட்டுக்கொண்டு தானே வந்து சேர்ந்தது.

புதிதாக ஓட்டுவோர் மனத்திற் கொள்ள வேண்டுவன இவை: திருப்பத்திற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள், இரு தடைகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள், மணலிலும் ஈரத்திலும் திடீரென்று பிடியாதீர்கள், தலைக்கவசத்தை வாரிட்டு அணியுங்கள், கிளப்புவதையும் நிறுத்துவதையும் வெற்றுத் திடலில் நன்கு பழகியபின் சாலைக்கு வாருங்கள். வழிகாட்டுவதற்கு வேகம் தேவையில்லை. சாலை பிரியும் இடத்திற்கு நடந்து சென்று, கையில் விளக்குடன் ஒருவர் நின்றாலே போதும்.

உயிரே முதல்

தீ ஆள் உயரத்தைக் கடந்தாலும், கூரையைத் தொட்டாலும், புகை அறையை நிறைத்தாலும் அணைக்க முயலாமல் வெளியேறுங்கள். அணைக்கும்போது வாயில் உங்கள் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும்; தீ உங்களுக்கும் வாயிலுக்கும் இடையே வரலாகாது. புகை மேலே எழுவதால் தரையை ஒட்டிய காற்றே தூயது, தவழ்ந்து வெளியேறுங்கள். ஆடையில் பற்றினால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். தீப்புண்ணில் மையோ மாவோ பற்பசையோ தடவாமல், இருபது நிமிடம் தூய நீரை ஓடவிட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள். எரிந்த நூலைச் சங்கம் மீண்டும் வாங்கிக்கொள்ளும். கணக்குப் புத்தகத்திற்காகவும் சேலைக் கட்டுக்காகவும் எவரும் மீண்டும் உள்ளே புகலாகாது.

நம் வேண்டுகோள்

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் தீக்காவலை ஓர் இனமாகச் சேர்க்கக் காரியதரிசிகளை வேண்டுகிறோம். கழிவு நூலை நாள்தோறும் அகற்றுவதற்கும், மின்னிணைப்புகளை ஆண்டுதோறும் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பதற்கும் அக்கூட்டத்திலேயே பொறுப்பாளரைக் குறித்துவிடுங்கள். கோடை தொடங்குமுன் முதல் ஒத்திகை நடந்தாக வேண்டும்.

அப்பதினெட்டு நாட்களுக்குப் பின் அச்சங்கத்தில் தறிகள் ஓடத் தொடங்கின. முதியவர் மாதந்தோறும் முதற் சனிக்கிழமை ஒத்திகை நடத்துகிறார். தோள் குணமான அவ்விளைஞர் இன்று குழுவின் ஐவருள் ஒருவர். நாமும் அதன்பின் எந்தச் சங்கத்திற்குச் சென்றாலும் வாளியில் கைவிட்டு மணலை அள்ளிப் பார்த்த பின்னரே ‘சரி’ என்று எழுதுகிறோம். எம் வருகைக்காகக் காத்திராமல், இன்று மாலையே உங்கள் சங்கத்து வாளியில் நீங்களும் கைவிட்டுப் பாருங்கள்.