ஓடாத வாகனமும் ஓடித் திரியும் புத்தகமும்

நமது வியாபாரிகள் பலரின் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு வாகனம் நிற்கும். ஒரு காலத்தில் சந்தைக்கும் கொழும்புக்கும் ஓடி உழைத்துத் தந்த வேனாகவோ லொறியாகவோ அது இருக்கும். இப்போது டயர் நான்கும் மண்ணில் புதைந்து, உள்ளே வெங்காயச் சாக்கும் உடைந்த தராசும் கிடக்கும். "எப்பயாவது செஞ்சி எடுப்பம்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்தாறு வருடம் போயிருக்கும். ஒரு நாள் பழைய இரும்பு எடுப்பவர் வாசலில் வந்து நின்று, கையிலேயே காசு தருகிறேன் என்பார். அன்று பின்னேரமே வாகனம் போய்விடும். அதோடு புத்தகமும் போய்விடும். இவ்வாரம் நான் எழுத வந்தது அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான்.

முதலில் விலை. ஓடாத வாகனத்துக்கு நாம் கேட்கும் விலை பெரும்பாலும் மனதிலிருந்து வருகிறது, வாங்குபவர் சொல்லும் விலை தராசிலிருந்து வருகிறது. ஒரு டீசல் வேன் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கண்ணாடி, ஆசனம், டயர், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் இரும்புக் கணக்கில் வராது. அவற்றைக் கழித்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல் கிலோ மிஞ்சும். அன்றைய பழைய இரும்பு விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து அதனோடு பெருக்கினால் அடிவிலை கிடைத்துவிடும். இதற்குக் கீழே கேட்பவரோடு பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அடிவிலைக்கு மேலே வருவது உதிரிப்பாகம். டொல்பின் வேனில் உள்ள 3எல் என்ஜின் போன்றவற்றுக்கு இன்றும் கேள்வி இருக்கிறது. என்ஜின், கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல், கதவுகள், முன் விளக்குகள் ஆகியவை பஞ்சிகாவத்தையில் ஒரு விலைக்கும், ஊர்க் கராஜில் இன்னொரு விலைக்கும் போகும். பற்றரியில் ஈயம், வயரில் செம்பு, அலோய் றிம்மில் அலுமினியம் இருக்கின்றன. பெற்றோல் வாகனமாக இருந்தால் புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் கன்வர்ட்டரை மறந்துவிடாதீர்கள். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. வாங்க வருபவர் வாகனத்தின் கீழே குனிந்து பார்ப்பது துருவைப் பார்ப்பதற்காக மட்டுமல்ல.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இரும்புக்குப் போகவேண்டிய பல வாகனங்கள் டிங்கர் வேலை செய்யப்பட்டு மீண்டும் வீதிக்கு வந்தன. ஆகவே உங்களுடையதும் அப்படிப்பட்டதா என்று நம்பிக்கையான பாஸ் ஒருவரை அழைத்துக் காட்டுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

இனி பேரம். விலை பேசி முடிந்ததும் வாங்குபவர் தலையைச் சொறிந்துகொண்டு இப்படிக் கேட்பார்:

"முதலாளி, புத்தகம் இரிக்கிதா? புத்தகத்தோட எண்டா ஒரு வெல, இல்லாட்டி ஒரு வெல."

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உடைத்து இரும்பாக உருக்கப்போகும் வாகனத்துக்குப் புத்தகம் எதற்கு? இரும்பை உருக்குபவர் புத்தகத்தையும் சேர்த்தா உருக்கப்போகிறார்? புத்தகத்துக்குத் தனியாக விலை தருகிறார் என்றால் அதற்கு வேறெங்கோ ஒரு தேவை இருக்கிறது.

தேவை இரண்டு வகைப்படும். ஒன்று நேர்மையானது. அவர் வாகனத்தை உடைக்கப் போவதில்லை, திருத்தி ஓட்டப்போகிறார் அல்லது திருத்தி விற்கப்போகிறார். மற்றது நேர்மையற்றது. பதிவில்லாத, பாகம் பாகமாகப் பொருத்தப்பட்ட அல்லது களவாடப்பட்ட இன்னொரு வாகனத்துக்கு உங்கள் வாகனத்தின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் ஏற்றி, உங்கள் புத்தகத்தைக் காட்டி ஓட்டுவது. நம் நாட்டில் இது புதிய மோசடி அல்ல. உங்கள் வாகனம் உருகிப் போனாலும் அதன் இலக்கம் உங்கள் பெயரோடு வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவருக்கு இது நடந்தது. பழைய லொறி ஒன்றை இரும்புக்கென்று கொடுத்தார். புத்தகத்தையும், பெயர் மாற்றும் படிவங்களில் தன் கையொப்பத்தை வைத்து வாங்குபவரின் பகுதியை வெறுமையாக விட்டும் கொடுத்தார். நம்மவர்கள் 'ஓபன் பேப்பர்' என்பது இதைத்தான். இரண்டு வருடம் கழித்து, அவர் வாழ்நாளில் போயிராத ஊர் ஒன்றின் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய லொறியைப் பிடித்திருக்கிறார்கள், சாரதி ஓடிவிட்டான், பதிவு இவருடைய பெயரில். போய்ப் பார்த்தால் நிற்பது நீல லொறி. இவர் விற்றது பச்சை. "இது என்ட லொறி இல்ல சேர்" என்றார். "புத்தகத்தில் உங்கட பெயர்தானே இருக்கு?" என்றார்கள்.

அவரைக் காப்பாற்றியது அவருடைய மகனின் கைத்தொலைபேசி. வாகனத்தை இழுத்துச் சென்ற அன்று அந்தப் பிள்ளை, வாங்கியவரின் அடையாள அட்டையையும் லொறியைக் கட்டி இழுக்கும் காட்சியையும் விளையாட்டாகப் படம் எடுத்து வைத்திருந்தான். அதை வைத்து வாங்கியவரைத் தேடிப் பிடித்தார்கள். அப்படியிருந்தும் கடையைப் பூட்டிவிட்டுத் தூர ஊருக்குப் போய் வந்த நாட்களும் சட்டத்தரணிக்குக் கொடுத்த பணமும் சேர்ந்து, லொறி விற்ற காசை விட அதிகம். புத்தகத்துக்கென்று கூடுதலாகக் கிடைத்த தொகையை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும்.

ஆகவே விலை பேசும் முன்னரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்த வாகனம் ஓடப்போகிறதா, உடையப்போகிறதா? இரண்டுக்கும் வழி வெவ்வேறு.

ஓடப்போகிறது என்றால் பெயர் மாற்றம் செய்தே கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் அதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இது வாங்குபவரின் வேலை மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. பதிவு பெற்ற உரிமையாளர் என்ற வகையில் விற்பவருக்கும் அறிவிக்கும் கடமை உண்டு. முடிந்தால் வாங்குபவரோடு சேர்ந்து திணைக்களத்துக்குப் போய், படிவங்களை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருவது மேல். நாரஹேன்பிட்டிக்குப் போய்வரும் ஒரு நாள், பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும் பல நாட்களைத் தடுக்கும். போக முடியாவிட்டால் வாங்குபவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், விற்ற திகதி ஆகியவற்றை எழுதித் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, கடிதப் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வெறும் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பது போன்றது. காசோலை விடயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்!

உடையப்போகிறது என்றால் புத்தகத்தை வாங்குபவரிடம் கொடுக்கவே கூடாது. அவர் கூடுதலாக எவ்வளவு தந்தாலும் சரியே. திணைக்களத்தில் பதிவை இரத்துச் செய்ய முடியும். பதிவுப் புத்தகத்தையும் இலக்கத் தகடுகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். வேறு என்னென்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். சிலர் அவசரப்பட்டு செசி இலக்கம் உள்ள பகுதியை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பின்னர் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எனவே பதிவு வேலை முடியும் வரை வாகனத்தை வளவிலேயே வைத்திருங்கள். வாங்குபவர் அவசரப்படுத்தினால் இன்னொரு வாங்குபவர் வருவார். பழைய இரும்புக்கு ஆள் கிடைக்காத நாடல்ல இது.

இலக்கத் தகட்டைக் கழற்றாமல் வாகனத்தை வீதியில் இழுத்துப் போக விடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தகடு இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கடதாசி வேலையில் நம்மவர்கள் வழக்கமாகச் சிக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது லீசிங். கடன் கட்டி முடித்து எத்தனையோ வருடமாகியிருக்கும். ஆனால் பதிவில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயரே இன்னும் நிற்கும். கடைசித் தவணை கட்டிய அன்று கிடைத்த கடிதத்தை லாச்சியில் போட்டு மறந்திருப்போம். அந்த உரிமை நீக்கப்படாமல் விற்கவும் முடியாது, இரத்துச் செய்யவும் முடியாது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

அடுத்தது வருமான அனுமதிப்பத்திரம். வாகனம் ஓடவில்லை என்பதற்காக வரி நின்றுவிடாது. உபயோகிக்காமல் நிறுத்துவதாக உரிய முறையில் பிரதேச செயலகத்துக்கு அறிவித்திருந்தால் வேறு விடயம். அறிவிக்காமல் நிறுத்தியிருந்தால் நிலுவையும் தண்டமும் சேர்ந்திருக்கும். விலை பேசும்போது அதை யார் கட்டுவது என்று பேசிக்கொள்ளுங்கள். இன்றைக்கு விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இந்த அறிவித்தலை இப்போதே கொடுத்து வைப்பது நல்லது.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. நீங்களே அந்த வாகனத்தை ஓபன் பேப்பரில் வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றாமலே பத்து வருடம் ஓட்டியிருப்பீர்கள். புத்தகத்தில் உள்ளவர் எங்கேயோ இருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். உயிரோடு இருந்தால் தேடிப் போய்ப் புதிதாகக் கையொப்பம் வாங்குங்கள். அடையாள அட்டை இலக்கங்கள் 2016 முதல் 12 இலக்கமாகிவிட்டன. பழைய பிரதியை வைத்துக்கொண்டு இழுபடுவதை விட ஆளையே சந்திப்பது இலேசு. அவர் இறந்திருந்தால், பெட்டியில் கிடக்கும் திகதியில்லாத படிவத்தில் இன்றைய திகதியைப் போட்டு வேலையை முடிக்கச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். இறந்தவர் இன்று கையொப்பமிட்டதாகக் காட்டும் பத்திரத்துக்கு நீங்கள் பொறுப்பாளியாக வேண்டாம். அவருடைய வாரிசுகளிடம் போங்கள்.

வாப்பாவின் பெயரில் இருக்கும் வாகனமும் அப்படித்தான். மூத்த மகன் கடையை நடத்துகிறார் என்பதற்காக வாகனம் அவருடையதாகிவிடாது. மரணசாசனம் இல்லாதபோது நம் நாட்டில் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம்களின் உரிமைவழிச் சட்டப்படி நமது மார்க்க முறையிலேயே சொத்து பிரிகிறது. உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. இரும்பு விலைக்குப் போகும் வேன்தானே என்று யாரிடமும் கேட்காமல் விற்றுவிட்டு, பிறகு மச்சான்மார் முன்னிலையில் கணக்குச் சொல்ல நேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் சம்மதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தால் வழி சொல்வார்.

காசு வாங்கும் நாளுக்கு வருவோம். கையில் காசு என்றால் கடைக்குள் உட்கார்ந்து எண்ணுங்கள், வீதியோரத்தில் வேண்டாம். 5,000 ரூபா நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொகை பெரிதானால் வங்கிக்கு மாற்றச் சொல்வதே எனது வழக்கம். வங்கிக் கூற்றை விட நல்ல சாட்சி கிடையாது. இரண்டு பிரதியில் ஒரு விற்பனைக் கடிதம் எழுதுங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், என்ஜின் இலக்கம், தொகை, திகதி, நேரம், 'உடைப்பதற்காக' அல்லது 'பாவனைக்காக' என்ற சொல், இரண்டு சாட்சிகள். நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் விற்ற வாகனம் பின்னேரம் எங்காவது மோதினால் அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும். வாங்குபவரின் அடையாள அட்டையைப் படம் எடுக்கக் கேட்டால் நல்லவர் கோபிக்க மாட்டார்.

வாகனம் கடைக் கணக்கில் இருந்தால் விற்ற காசையும் கணக்கில் எழுத வேண்டும். தேய்மானம் கழித்துக் கழித்துப் புத்தகப் பெறுமதி பூச்சியமாகியிருக்கும். அப்படியான சொத்துக்குக் கிடைக்கும் பணம் வரிக் கணக்கில் வருமானமாக ஏறக்கூடும். கணக்காளரிடம் முதலே சொல்லி வையுங்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கும் எழுதி ஒப்பந்தத்தை நிறுத்துங்கள். முழுக் காப்புறுதி இருந்து நட்டஈடு கோராமல் ஓட்டியிருந்தால், அந்த நோ கிளெய்ம் போனஸுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாகனத்துக்கு அதைக் காட்டலாம்.

பாவனைக்காக விற்றவர்கள் ஒரு மாதம் கழித்துத் திணைக்களப் பதிவில் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருக்காவிட்டால் வாங்கியவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால், அந்த இன்னொருவரின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதி, முதலில் அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் இணைத்துத் திணைக்களத்துக்கு மறுபடி பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.