கலங்கல் இல்லாத ஏரி



ஹார்ட் டிஸ்க் என்றால் கடல் என்று நினைத்திருந்தேன். அது ஏரிதான் என்று நான் எழுதிய புரோகிராமே எனக்குப் பாடம் நடத்தியது.

சென்சார் காட்டும் வெப்பநிலையை வினாடிக்கு ஒரு வரியாகக் கோப்பில் எழுத வேண்டும், அதுதான் வேலை. லூப்பில் ஒரு வினாடி காத்திருக்கும் கட்டளையை விட்டுவிட்டேன். லேப் சர்வரில் அதை ஓடவிட்டு, தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் போய்விட்டேன். மறுநாள் காலை டிஸ்க் ஃபுல்! அப்போது புராஜெக்ட் ரிப்போர்ட்டை 'சேவ்' செய்த தோழியின் கோப்பு 0 பைட் ஆகிவிட்டது. அவளது மென்பொருள் பழைய கோப்பைக் காலி செய்த பிறகே புதியதை எழுதத் தொடங்கியது; எழுத இடமில்லை. "ரெண்டு மாச உழைப்புடா" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. மழைக்காலத்தில் 24 அடியும் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் வைத்து, முன்பே திறந்துவிடுகிறார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டிய 2015 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கும் கலங்கல் வேண்டும்.

1. உச்சவரம்பு: பதிவுக் கோப்பு குறிப்பிட்ட அளவை எட்டினால் புதிய கோப்பு தொடங்கி, மிகப் பழையதை அழிக்க வேண்டும். லினக்ஸின் 'சிஸ்டம்டி ஜர்னல்', வேறு அளவு சொல்லாவிட்டால், டிஸ்க்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபியோடு நின்றுகொள்ளும்.

2. இருப்பு: 'இஎக்ஸ்டி4' வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கும். அன்று லேப் பொறுப்பாளர் உள்ளே நுழைந்து என் கோப்பை அழிக்க முடிந்தது அதனால்தான்.

3. பத்திரமான சேவ்: முதலில் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதுங்கள். வெற்றி என்றால் மட்டுமே பழைய பெயரை அதற்குச் சூட்டுங்கள். இடம் போதாவிட்டாலும் பழையது பிழைக்கும்.

4. பைட் கணக்கு: 'தாம்பரம்' நமக்கு ஐந்து எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கினால் ஏமாறுவோம்.

பெரியவர்களும் தடுமாறியதுண்டு. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தியில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்தன. அவற்றின் பட்டியலை ஏற்றவே ராம் போதாமல், அது திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. கோப்புகளை அழித்து, ஃபிளாஷ் நினைவகத்தை ஃபார்மட் செய்த பிறகே சீரானது.

தோழியின் ரஃப் நோட்டைப் பார்த்து மூன்று இரவு உட்கார்ந்து ரிப்போர்ட்டை நானே டைப் செய்து கொடுத்தேன். என் புரோகிராம் இப்போது 10 எம்பி கோப்புகள் ஐந்தோடு நிற்கிறது. நண்பர்களே, டிஸ்க் நம் ஒருவருடையது மட்டுமல்ல. எழுதும் முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயனாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.