கடைசற் பொறியில் தள்ளாட்டம்: காரணம் காணும் முறை

தமிழில் 'கடைதல்' என்னும் வினை தயிருக்கும் உரியது, மரத்துக்கும் உரியது. திருத்தமான உருவமொன்றைக் கண்டால் 'கடைந்தெடுத்தாற் போல' என்று கூறுவது நம்மவர் வழக்கு. அத்திருத்தம் கைத்திறனால் மட்டும் வருவதன்று. சுழலும் பொருள் தன் அச்சினின்றும் விலகாதிருத்தலும் வேண்டும். விலகுமாயின் அதன் காரணத்தை எவ்வாறு காண்பது என்பதே இக்கட்டுரைப் பொருள். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு, நாம் செய்த தவறொன்றையே விடையாகக் கூறுகின்றோம்.

ஒரு தவணையில் மரவேலை ஆசிரியர் விடுமுறையில் நிற்க, ஆசிரிய கலாசாலையிற் சிறிது மரவேலையும் பயின்ற நம்மிடம் அவ்வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. மாணவன் ஒருவன் வேப்பமரக் கிண்ணமொன்றைக் கடைந்துகொண்டிருந்தான். முதல்நாள் சீராகச் சுழன்ற கிண்ணம் மறுநாட் காலையில் தள்ளாடிற்று. "நான் ஒன்றும் செய்யவில்லை, சேர்" என்றான். நாம் அதனை நம்பாது, கவனமின்மை என்று கடிந்து, மீண்டும் சீவிச் சரிசெய்யுமாறு பணித்தோம். அவன் சீவினான். ஒரு பக்கத்துச் சுவர் மெலிந்து கிண்ணம் பிளந்தது. அதன் பின்னரே வெறும் சக்கினைச் சுழற்றிப் பார்த்தோம், அதுவும் தள்ளாடிற்று!

சக் என்பது மரத்துண்டைத் தாடைகளாற் பற்றிச் சுழலும் பிடிப்பான். அது பொறியின் சுழல்தண்டிற் புரிகளாற் பூட்டப்படும். ஆகவே தண்டு, பூட்டு, தாடை, மரம் என நான்கு இடங்களிற் குற்றம் நேரலாம். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தலே முறை. சோதிக்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, கையினாலேயே சுழற்றுதல் வேண்டும்.

முதலாவது, மரத்தைக் கழற்றுக. உளிதாங்கியில் ஒரு பென்சிலை அசையாது பொருத்தி, அதன் முனை சக்கின் உடலை மயிரிழை அளவில் அணுகுமாறு வைத்து, மெல்லச் சுழற்றுக. இடைவெளி எங்கும் ஒத்திருப்பின் தண்டும் பூட்டும் நல்லன. குற்றம் தாடையிலோ மரத்திலோ உளது. டயல் கேஜ் உள்ளோர் அதனால் அளக்கலாம். ஆயின் அது காட்டும் மொத்த வேறுபாடு மையவிலகலின் இருமடங்கு என்பதை மறவற்க.

இரண்டாவது, சக்கின் உடலே தள்ளாடினால் அதனைக் கழற்றித் தண்டைச் சோதிக்க. புரிகளின் மேல் அளத்தல் பயனற்றது. புரியில்லாத வழுவழுப்பான பகுதியிலும், தோள் எனப்படும் பின்முகத்திலும் அளத்தல் வேண்டும். அங்கும் தள்ளாட்டம் தோன்றின் தண்டு வளைந்திருக்கலாம். தண்டைக் கையாற் பற்றி மேலும் கீழும் அசைக்கும்போது தளர்ச்சி தெரியின் பெயாரிங் தேய்ந்திருக்கலாம். இவை பொறி திருத்துவோர்க்குரிய வேலை.

மூன்றாவது, தண்டு நன்றாயின் பூட்டை நோக்குக. சக்கினை நேரே நிறுத்துவது புரியன்று. தோளும் சக்கின் பின்முகமும் ஒட்டப் பொருந்துதலே. புரியில் இயல்பாகவே சிறு தளர்ச்சி உண்டு. தோளின் குறுக்களவு 40 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அதன் ஒரு பக்கத்தில் 0.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தூசி அகப்பட்டுச் சக் அவ்வளவுக்குச் சாயுமாயின், தோளிலிருந்து 120 மில்லிமீற்றர் தூரத்தில் மரத்தின் மையம் 0.3 மில்லிமீற்றர் விலகும். டயல் கேஜ் 0.6 காட்டும். ஆதலின் இருமுகங்களையும் புரிகளையும் தூரிகையாலும் துணியாலும் துடைத்து, தோளில் மேடு தட்டியிருப்பின் மெல்ல அராவி நீக்கி, சக்கினைக் கையாற் பூட்டுக.

நான்காவது, தாடைகள். இவற்றில் 1 முதல் 4 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் எண்ணுக்குரிய தவாளிப்பிலேயே செல்லல் வேண்டும். தவாளிப்பிற் சேர்ந்த மரத்தூளை நீக்கி, ஆணிகளை ஒரே சீராக இறுக்குக.

ஐந்தாவது, மரம். தாடை பற்றும் கழுந்தின் அடி சக்கின் உட்தளத்தில் முட்டலாகாது. கழுந்தைச் சூழ்ந்த மரத்தின் முகமே தாடைகளின் மேல் அமர்தல் வேண்டும். ஈரமரமாயின் இன்னொரு காரணமும் உண்டு. மரம் உலரும்போது ஆண்டுவளையத்தின் வழியே சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதிலும் ஏறக்குறைய இருமடங்காகும். ஆதலின் நேற்று வட்டமாகக் கடைந்தது இன்று நீள்வட்டமாகலாம். இது கடைந்தவன் குற்றமன்று. தடிப்பாகக் கடைந்து உலரவிட்டு, கழுந்தைத் திருத்திய பின்னர் முடிப்பதே இதற்குப் பரிகாரம்.

நமது வகுப்பிற் கண்டது மூன்றாவது காரணம். சக்கினைக் கழற்றியபோது, பிசின் தோய்ந்த மரச்சீவலொன்று தோளில் ஒட்டியிருந்தது. அது எவ்வாறு அங்கு வந்தது? முதல்நாள் மாலை, வேறொரு வகுப்புக்குக் காட்டும் பொருட்டுச் சக்கினைக் கிண்ணத்தோடு கழற்றி, துடையாது மீளப் பூட்டியவர் நாமே! அம்மாணவனிடம் வகுப்பார் முன்னிலையிலேயே பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டு, புதிய மரத்துண்டொன்றும் கொடுத்தோம். அவன் சிரித்துக்கொண்டே, முதலில் துணியை எடுத்துத் தோளைத் துடைத்தான்.

பிளந்த கிண்ணம் இன்றும் நம் மேசைமீது உளது. கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும்போது, பிழையொன்றைக் கண்டு சிவப்பு மையைத் தொடுமுன் அதனை ஒருமுறை நோக்குகின்றோம். மாணவன் தள்ளாடுகின்றானா, அன்றி நாம் பூட்டிய பூட்டிலேயே தூசியிருந்ததா என்று முதலில் ஆராய்தல் கற்பிப்போர் கடன். மாணவரே, நீவிரும் உளியை எடுக்குமுன் பொறியைச் சோதிக்கப் பழகுவீராக.