பெருவிரலை மையில் தோய்க்கும் முன்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக், ஆளைத் தெரியவில்லை, பேங்க் பணத்தை எடுக்க முடியவில்லை என்று வருகிறவர்களில் பலர் கையில் ஒரு தாளோடுதான் வருகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் பெருவிரலைப் பிடித்து அமுக்கி எடுத்த சூராட் குவாசா வாக்கில், அதாவது அதிகாரப் பத்திரம். அதைக் கிழித்துப் போடுங்கள். எழுதிக் கொடுப்பது இன்னதென்று புரியாதவர் வைத்த கைநாட்டு செல்லாது. நினைவு தப்பிய பிறகும் செல்லும்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் சிங்கப்பூரில் உண்டு, நம் நாட்டில் இல்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். நாக்கு குழறினாலும் சொல்வது புரிந்து சரியாகத் தலையாட்டுகிறாரா? அப்படியானால் கோர்ட் வேண்டாம், லாயரை வீட்டுக்கே அழைத்து வாருங்கள்.

புரியவில்லை என்றால் வழி ஒன்றுதான்: 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் மனு. பேராக்கில் ஈப்போவிலேயே போடலாம். நீதிபதி விசாரித்து, ஆளைக் கவனிக்கவும் சொத்தை நிர்வகிக்கவும் பொறுப்பாளரை நியமிப்பார். ஒரே ஆளாக இருந்தாலும் சட்டத்தில் அவர் பெயர் 'கொமிட்டி'. சிரிக்காதீர்கள், அப்படித்தான்.

ஐசி, நிலத்தின் கிரான், பேங்க் புத்தகம் எல்லாம் நீங்களே சேர்த்துவிடுவீர்கள். சறுக்குவது டாக்டர் கடிதத்தில். "ஸ்ட்ரோக் நோயாளி, சிகிச்சையில் இருக்கிறார்" என்ற இரண்டு வரி போதாது. மனக்கோளாறு காரணமாகத் தன்னையும் தன் காரியங்களையும் கவனித்துக்கொள்ள இயலாதவர் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதை மனநல மருத்துவரிடமே வாங்குங்கள், கிளினிக் கடிதத்தோடு கோர்ட் படி ஏறாதீர்கள். பைனுன் மருத்துவமனையிலும் பார்க்கலாம், தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள பகாகியா மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் மூத்த மகன் எழுந்துவிடுவார். "எங்கப்பாவ பைத்தியம்னு எழுதச் சொல்றீங்களா?" 1911-இல் திறந்த அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லித் திட்டியே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாம், கோபம் புரிகிறது. ஆனால் மனம் சம்பந்தப்பட்ட கோளாறு எந்த வகையில் வந்திருந்தாலும் சட்டத்தின் கணக்கில் ஒன்றே. ரத்தக்குழாய் அடைத்து வந்ததும் சேரும், முதுமை மறதியும் சேரும், பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியதும் சேரும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களும் இந்த வழியில்தான் வர வேண்டும்.

அண்ணன் தம்பி, கட்டிக் கொடுத்த அக்கா என எல்லாரிடமும் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். "அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று விட்ட மனுக்கள்தான் இழுபறியாகும். மருத்துவச் செலவுக்கு நிலத்தை விற்க வேண்டியிருந்தால் லாயரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொறுப்பாளர் ஆனதும் இஷ்டத்துக்கு விற்க முடியாது, அதற்குக் கோர்ட் அனுமதி வேண்டும்.

உத்தரவு கிடைத்ததும் முத்திரையிட்ட நகல் ஐந்தாவது வாங்குங்கள். பேங்க், நில அலுவலகம், இபிஎஃப் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.