ஒரே அலமாரி, எந்த நாவல்கள்?

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப் போகிறோம். புது ஃபிளாட்டில் ஒரே ஒரு புத்தக அலமாரிக்குத்தான் இடம். 1990-க்குப் பிறகு வந்த தமிழ் நாவல்களில் எவை கிளாசிக் ஆகும்? விருது வாங்கியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: விருதைப் பார்த்து அடுக்காதீர்கள். தி. ஜானகிராமனுக்கு 1979-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு, ‘மோகமுள்’ளுக்கு அல்ல. 1996-இல் அசோகமித்திரனுக்குக் கொடுத்ததும் கதைத் தொகுப்புக்குத்தான். சுந்தர ராமசாமிக்கு அது வரவே இல்லை. ப. சிங்காரம் பாடு இன்னும் மோசம். மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தவர். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேறவே பல வருடம் ஆகி 1972-இல் வந்தது; கண்டுகொண்டவர்கள் சொற்பம். மனிதர் அப்புறம் நாவலே எழுதவில்லை. 1997-இல் காலமானார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது.

நான் பார்ப்பது ஒன்றுதான்: எழுதிய காலத்துப் பரபரப்பு வடிந்தபின் ஆள் யாராவது மிஞ்சுகிறாரா? அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைப் பற்றியது. லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதை உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சம் மட்டுமே இருந்திருந்தால் அடுத்த மழையோடு நாவலும் போயிருக்கும். ஜமுனா இருக்கிறாள், அதனால் 2019 கோடையிலும் அதை எடுத்துப் படிக்க முடிந்தது.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டு, அவர்கள் துணியை வெளுத்துச் சோறு வாங்கிப் பிழைக்கும் ஆரோக்கியத்தை மறப்பது கடினம். அடுத்து, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). பரதவர் பேச்சு முதலில் தடுக்கும்; ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யும் நிற்கும்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றி இப்போது சொல்வதற்கில்லை. அதன் மீதான வழக்கின் இரைச்சல் அடங்காமல் நாவலை மட்டும் பார்க்க முடியவில்லை. ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) பெரிய சாதனைதான், ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்களை விட முழுக்கப் படித்தவர்கள் குறைவோ என்று எனக்கொரு சந்தேகம். நீங்கள் படித்து முடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அந்த இடத்தை வேறு புத்தகங்களுக்குக் கொடுங்கள்.